போதை மீட்சியும் வேலைவாய்ப்பும்

போதை மீட்சியாளருக்கான வேலை ஆதரவு என்பது, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீண்டு வருவோர் ஊதியமுள்ள வேலையைத் தேடிக்கொள்வதற்கும், கிடைத்த வேலையில் நிலைத்திருப்பதற்கும் அளிக்கப்படும் உதவிகளைக் குறிக்கும். தொழிற்பயிற்சி, நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகை, வேலை கொடுப்போரிடம் நேரில் சென்று பேசுதல், வேலையில் சேர்ந்த பின்னும் தொடரும் துணை ஆகியன இதில் அடங்கும். இத்துறையின் முதன்மையான முயற்சிகளும் அளவிடப்பட்ட ஆய்வுகளும் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தவை. எனவே இக்கட்டுரை அந்நாட்டின் பட்டறிவையே முதன்மையாக விளக்குகிறது. இங்கிலாந்து, இந்தியா பற்றிய செய்திகள் சுருக்கமாக இடம்பெறுகின்றன.

நெடுங்காலமாக வேலை என்பது மீட்சியின் முடிவில் கிட்டும் பரிசாகவே கருதப்பட்டு வந்தது. முதலில் பழக்கம் நிற்க வேண்டும், பின்னர் உடலும் மனமும் தேற வேண்டும், அதன் பின்னரே வேலை என்பது மருத்துவர்களும் குடும்பத்தாரும் வேலை கொடுப்போரும் ஏற்றுக்கொண்ட வரிசை. ஆனால் வேலையின்றி வெறுமனே கழியும் நாட்கள் பலரைப் பழைய தெருவுக்கும் பழைய கூட்டாளிகளிடமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 1970களிலிருந்து நடந்த ஆய்வுகள் இந்த வரிசையைக் கேள்விக்கு உள்ளாக்கியுள்ளன. வேலை பெற்றுத் தருவதை விடப் பெற்ற வேலையைக் காத்துக்கொள்ள உதவுவதே கடினமானது என்பதும் அவற்றிலிருந்து புலப்படுகிறது. எனினும் திட்டங்கள் பலவும் தம் பணத்தையும் ஆட்களையும் முதற்பாதியிலேயே செலவிட்டுவிடுகின்றன.

பின்னணி

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகே 1935ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு ஒரு நிறுவனத்தைத் திறந்தது. பாதி மருத்துவமனையாகவும் பாதி சிறைச்சாலையாகவும் விளங்கிய அது, மக்கள் வழக்கில் 'போதைப் பண்ணை' என்று அழைக்கப்பட்டது. தண்டனை பெற்ற கைதிகளும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களும் அங்கே ஒன்றாகத் தங்கினர். உழைப்பு மனிதரைத் திருத்தும் என்ற நம்பிக்கையில் அவர்கள் மாடு கறந்தனர், காய்கறி பயிரிட்டனர், துணி தைத்தனர், மரத்தளவாடம் செய்தனர். ஆயினும், அங்கிருந்து நியூயார்க் நகருக்குத் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து 1962இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பியதைக் கண்டது. பண்ணைக்குள் மாடு கறந்தவருக்கு நியூயார்க்கில் கறக்க மாடு ஏதுமில்லை. அங்கே அவருக்குத் தெரிந்த முகவரிகள் அனைத்தும் பழையவையே.

இங்குச் சிகிச்சை பெற்றவர்களுள் ஜாஸ் இசைக் கலைஞர்கள் பலர். சாக்சபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1955இல் லெக்சிங்டனில் சிகிச்சை முடித்து வெளியேறிய பின் உடனடியாக மேடைக்குத் திரும்பவில்லை. சிகாகோவில் கட்டடத் துப்புரவாளராகவும் பிற உடலுழைப்பு வேலைகளிலும் சில மாதங்களைக் கழித்தார். இசைக் கலைஞரின் பணியிடம் இரவு விடுதி. போதைப்பொருள் கைமாறிய இடமும் அதுவே. தன்மீது நம்பிக்கை வந்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியில், கிளிஃபர்ட் பிரவுனும் மேக்ஸ் ரோச்சும் நடத்திய குழுவில் இணைந்தார். எந்த வேலை என்பதோடு, எந்த இடத்தில், யாருடன், எந்த நேரத்தில் செய்யும் வேலை என்பதும் மீட்சியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

1965ஆம் ஆண்டு மருத்துவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைசுவாண்டர் ஆகியோர் ஹெரோயினுக்கு அடிமையான 22 பேருக்கு நாள்தோறும் மெத்தடோன் என்னும் மருந்தை வாய்வழியாகக் கொடுத்துச் செய்த சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டனர். ஏக்கமும் உடல் நடுக்கமும் அடங்கியதால் நோயாளிகள் பகல் பொழுதை வேறு வகையில் செலவிட முடிந்தது. பலர் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றனர். சிகிச்சையின் வெற்றியை வேலையைக் கொண்டும் அளக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

ஆதரவுடன் கூடிய வேலை

நியூயார்க்கின் வேரா நீதி நிறுவனம் 1972இல் வைல்ட்கேட் சேவைக் கழகம் என்ற அமைப்பை உருவாக்கியது. முன்னாள் ஹெரோயின் பயனாளிகளுக்கும் சிறையிலிருந்து வந்தோருக்கும் உண்மையான கூலி கொடுத்து உண்மையான வேலை வாங்குவதே அதன் திட்டம். இதற்கு மூன்று நெறிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, ஒத்த நிலையில் உள்ளவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்துவது. இரண்டாவது, மேற்பார்வையாளர் அருகிலேயே இருப்பது. மூன்றாவது, வேலையின் கெடுபிடியைப் படிப்படியாக உயர்த்துவது. முதல் மாதத்தில் காலந்தாழ்த்தி வந்தால் எச்சரிக்கை. ஆறாம் மாதத்தில் அதே தவற்றுக்குச் சம்பளப் பிடித்தம் என்பதைப் போன்ற ஏற்பாடு இது. பல ஆண்டுகளாக எந்த நேரக் கட்டுப்பாடும் இன்றி வாழ்ந்த ஒருவரிடம் முதல் நாளே காலை எட்டு மணிக்குத் தவறாமல் வரச் சொல்வது, அவரை மறுநாளே இழப்பதற்கு வழி என்பது இதன் பின்னிருந்த கருத்து.

இம்மாதிரி நாடு தழுவிய சோதனையாக விரிவாக்கப்பட்டது. 'தேசிய ஆதரவு வேலைச் செயல்விளக்கம்' என்ற அத்திட்டம் 1975இல் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையும் கூட்டரசுத் துறைகளும் பணம் கொடுத்தன. 1974இல் நிறுவப்பட்ட எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் அதை நடத்தியது. நீண்ட காலம் அரசு உதவியில் வாழ்ந்த தாய்மார், சிறையிலிருந்து வந்தோர், பள்ளியை இடையில் விட்ட இளைஞர், அண்மையில் சிகிச்சை பெற்ற முன்னாள் போதைப் பயனாளிகள் ஆகிய நான்கு வகையினர் சேர்க்கப்பட்டனர். பத்து இடங்களில் ஏறத்தாழ 6,600 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் வேலை அளிக்கப்பட்டது. சமூகத் திட்டம் ஒன்றை மருந்துச் சோதனைக்கு ஈடான கண்டிப்புடன் ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பங்கேற்றோர் 12 அல்லது 18 மாதங்களில் கட்டாயமாக வெளியேறி வெளிச் சந்தையில் வேலை தேட வேண்டும் என்பது விதி.

முன்னாள் போதைப் பயனாளிகளைப் பொறுத்தவரை முடிவுகள் எவரும் எதிர்பாராத வகையில் அமைந்தன. திட்டத்தில் இருந்தோர் குற்றச் செயல்களில் ஈடுபடுவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வெளியேறிய பின்னும் வருமான உயர்வு ஓரளவு தொடர்ந்தது. ஆனால் போதைப்பொருள் பயன்பாட்டில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. வேலை கொடுத்தால் பழக்கம் தானே விலகிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றம். எனினும் மற்றொரு கோணத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டும் கொள்ளையும் குறைந்ததே அந்தக் குடும்பங்களுக்கும் தெருக்களுக்கும் பெரிய மாற்றம். சிகிச்சையின் வேலையைச் சம்பளம் செய்யும் என்று எதிர்பார்த்ததே பிழையாக இருக்கலாம்.

நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகை

1970களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஷரன் ஹால் தலைமையிலான உளவியலாளர்கள் 'வேலை தேடுவோர் பட்டறை' என்ற எளிய பயிற்சியை வடிவமைத்தனர். விண்ணப்பம் நிரப்புவது, இடைவெளி ஆண்டுகளை விளக்குவது, சிறைத் தண்டனை பற்றிய கேள்விக்கு விடை சொல்வது ஆகியவற்றை நிகழ்படக் கருவியின் முன் ஒத்திகை பார்ப்பதே பயிற்சி. சில நாட்களே நீடித்த இப்பயிற்சி, தொடக்க ஆய்வுகளில் நல்ல பலன் தந்தது.

இதே பட்டறை முப்பது ஆண்டுகளுக்குப் பின் பதினொரு சிகிச்சை மையங்களில், 600க்கும் மேற்பட்டோரிடம் மீண்டும் சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றோருக்கும் வழக்கமான உதவி பெற்றோருக்கும் இடையே வேலை கிடைப்பதில் வேறுபாடு இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்துகொண்டவரின் பின்னணியைக் கணினியில் ஒரு நொடியில் தேடிப் பார்க்கும் காலம் அதற்குள் வந்துவிட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பேச்சுத் திறன் மட்டும் போதாது. விண்ணப்பதாரருக்காகக் கதவைத் தட்ட இன்னொருவரும் தேவை.

பால்ட்டிமோரின் சிகிச்சைப் பணியிடம்

மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் சில்வர்மன் 1990களின் பிற்பகுதியில் வேறொரு வழியைத் தொடங்கினார். மெத்தடோன் சிகிச்சை பெற்றும் ஹெரோயினையும் கொக்கெயினையும் விடமுடியாத ஏழைத் தாய்மார்களுக்குத் தட்டச்சும் தரவுப் பதிவும் கற்பிக்கப்பட்டன. நாள்தோறும் சில மணி நேர வேலை, அதற்குக் கூலி. ஆனால் வேலைக்கூடத்தின் கதவு சிறுநீர்ச் சோதனையைப் பொறுத்தே திறக்கும். சோதனையில் போதைப்பொருள் தென்படாதவர் உள்ளே சென்று வேலை செய்யலாம். தென்பட்டால் அன்று வேலை இல்லை. மறுநாள் வரலாம், ஆனால் படிப்படியாக உயர்ந்திருந்த கூலி வீதம் மீண்டும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். பணம் கையில் கொடுக்கப்படாமல், பொருள் வாங்கும் சீட்டுகளாக வழங்கப்பட்டது.

2001இல் வெளியான முடிவுகளில், இப்பணியிடத்தில் இருந்தோரிடம் போதையற்ற சோதனை முடிவுகள் மற்றவர்களை விட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. மூன்றாண்டுகள் வரை அப்பலன் நிலைத்தது. பயிற்சி முடித்தவர்களை ஊழியர்களாகக் கொண்டு ஒரு தரவுப் பதிவு நிறுவனமும் நடத்தப்பட்டது. ஆயினும் எட்டாண்டுக் கால நிலையை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, அந்த வேலை முடிந்த பின் பலன் நீடிக்கவில்லை என்று அறிவித்தது. வேலை இருந்தவரை மீட்சி இருந்தது; வேலை போனதும் அதுவும் தளர்ந்தது.

இதைத் திட்டத்தின் தோல்வி என்று கூறுவோர் உண்டு. நீரிழிவு நோயாளி மருந்தை நிறுத்தியதும் சர்க்கரை ஏறினால் மருந்தைக் குறை கூறுவதில்லை என்பது மறுதரப்பின் விடை. இதனைத் தொடர்ந்து சில்வர்மனின் குழுவினர், வெளி நிறுவனங்களில் சாதாரண வேலையில் சேர்ந்தவருக்குச் சோதனை முடிவைப் பொறுத்துக் கூலியுடன் கூடுதல் தொகை தரும் முறையை ஆராய்ந்தனர். 2020இல் வெளியான முடிவுகள், இம்முறை வேலைவாய்ப்பையும் போதையற்ற நிலையையும் ஒருசேர உயர்த்தியதைக் காட்டின. அந்தத் தொகையை நீண்ட காலம் யார் தருவது என்ற கேள்வி எஞ்சியுள்ளது. மேலும், ஒருமுறை தவறியவரை அன்றைய கூலியிலிருந்து விலக்குவது அறமா என்ற விவாதமும் ஓயவில்லை.

முதலில் வேலை என்னும் அணுகுமுறை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் 1990களில் கடும் மனநோய் உடையோருக்காக 'தனிநபர் வேலையமர்வும் ஆதரவும்' என்ற முறையை உருவாக்கினர். வேலை செய்ய விரும்பும் எவரையும் 'இன்னும் தயாராகவில்லை' என்று கூறி விலக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. நீண்ட முன்பயிற்சி கிடையாது. ஒரு மாத அளவிலேயே தேடல் தொடங்கிவிடும். நோயாளியின் விருப்பத்துக்கு ஏற்ற, வெளிச் சந்தையில் உள்ள, சட்டப்படியான கூலி தரும் வேலையே இலக்கு. வேலை வல்லுநர் ஒருவர் சிகிச்சைக் குழுவிலேயே உறுப்பினராக இருந்து, வாரந்தோறும் கடைகளையும் ஆலைகளையும் நேரில் சென்று பார்ப்பார். ஒருவர் வேலையில் சேர்ந்ததும் கோப்பு மூடப்படுவதில்லை. தேவைப்படும் வரை ஆதரவு தொடரும்.

மெத்தடோன் சிகிச்சையில் இருந்த 45 பேரிடம் ஓரிகன் மாநிலத்தில் நடந்த சிறு ஆய்வு 2017இல் வெளியானது. ஆறு மாதங்களில் இம்முறையைப் பெற்றோருள் பாதிப்பேர் வேலையில் சேர்ந்தனர். காத்திருப்புப் பட்டியலில் இருந்தோருள் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே வேலை கிடைத்தது. இங்கிலாந்தில் கரோல் பிளாக் அம்மையார் 2016இல் அரசுக்கு அளித்த அறிக்கை, இம்முறையைப் பெரிய அளவில் சோதிக்குமாறு பரிந்துரைத்தது. ஏழு பகுதிகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. பலன் உண்டு, ஆனால் அமெரிக்கச் சிற்றாய்வு காட்டிய அளவுக்குப் பெரிதன்று. முடிவுகள் வெளிவரும் முன்னரே, 2021ஆம் ஆண்டின் போதைப்பொருள் கொள்கையின் ஒரு பகுதியாக, இம்முறையை இங்கிலாந்து முழுவதும் விரிவுபடுத்த அரசு முடிவு செய்திருந்தது.

வேலையைக் காத்துக்கொள்ளுதல்

வேலை கிடைத்த முதல் சில மாதங்களே இடர் மிகுந்தவை. பெரும்பாலான இடர்கள் மன உறுதியோடு தொடர்பற்ற, மிகச் சாதாரணமான நடைமுறைச் சிக்கல்கள் என்பதை வெளியிலிருந்து பார்ப்போர் எளிதில் உணர்வதில்லை.

முதலாவது சிக்கல் கடிகாரம். அமெரிக்காவில் மெத்தடோன் மருந்தை உரிமம் பெற்ற மையத்தில் செவிலியர் முன்னிலையில் அருந்த வேண்டும். பழைய விதிகளின்படி, சிகிச்சையின் முதல் மூன்று மாதங்களில் நோயாளி வாரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வேலை நாளும் மையத்துக்கு வந்தாக வேண்டும். இதனால் பல மையங்கள் விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கே திறக்கின்றன. வாசலில் கட்டடத் தொழிலாளர்களும் சமையற்காரர்களும் வரிசையில் நிற்பர். மையம் ஒரு மூலையிலும் வேலை மறு மூலையிலும் இருந்து, பேருந்தும் தாமதமானால், ஒருவர் மருந்து, வேலை இரண்டில் ஒன்றைக் கைவிட நேரிடும். மருந்தைக் கைவிட்டால் மாலைக்குள் உடல் தாளாது. வேலையைக் கைவிட்டால் 'இவர்கள் இப்படித்தான்' என்ற பெயர் வந்துவிடும். 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போது, நிலைபெற்ற நோயாளிகள் 28 நாட்களுக்கான மருந்தை வீட்டுக்கு எடுத்துச்செல்ல இசைவு தரப்பட்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதனை நிலையானதாக்கின: சிகிச்சையின் முதல் இரு வாரங்களிலேயே ஏழு நாள் அளவும், ஒரு மாதத்துக்குப் பின் 28 நாள் அளவும் மருத்துவரின் முடிவுக்கேற்ப வழங்கலாம். 2002இல் ஒப்புதல் பெற்ற புப்ரநோர்பின் என்ற மருந்தைச் சாதாரண மருத்துவரின் சீட்டைக் கொண்டே மருந்துக் கடையில் வாங்க முடியும். வேலைக்குச் செல்வோருக்கு அது பெரும் வசதி. மருந்து விதியில் செய்யும் ஒரு மாற்றம் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றைவிட அதிகமான வேலைகளைக் காப்பாற்றக்கூடும் என்பது கட்டுரையாளரின் கருத்து.

இரண்டாவது சிக்கல் சம்பள நாள். கையில் பணம் வரும் நாள், போதையுடன் பலகாலம் பிணைந்திருந்த நாள். லாஸ் ஏஞ்சலசில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், மனச்சிதைவும் கொக்கெயின் பழக்கமும் ஒருங்கே கொண்ட 105 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. ஊனமுற்றோர் உதவித்தொகை வரும் மாதத்தின் முதல் நாட்களில் கொக்கெயின் பயன்பாடும் மருத்துவமனைச் சேர்க்கையும் உச்சத்தைத் தொட்டதை அது காட்டியது. அது உதவித்தொகை பற்றியதே எனினும், வேலை ஆலோசகர்கள் முதல் சம்பளத்தையும் அதே எச்சரிக்கையுடன் அணுகுகின்றனர். சம்பளத்தை நேரடியாக வங்கியில் செலுத்தச் செய்வது, வாடகையை முதலிலேயே கழித்துவிடுவது, அன்று மாலை நம்பிக்கையான ஒருவரோடு இருப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது ஆகியன வழக்கமான அறிவுரைகள்.

மூன்றாவது, பழைய கணக்குகள். கட்டப்படாத அபராதங்கள், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை நிலுவை, பறிக்கப்பட்ட ஓட்டுநர் உரிமம் ஆகியன வேலை கிடைத்ததும் விழித்துக்கொள்கின்றன. நிலுவைக்காகச் சம்பளத்தின் ஒரு பகுதி நேரடியாகப் பிடிக்கப்படும்போது, கணக்கில் வராத நாட்கூலியே மேல் என்று சிலர் முறையான வேலையை விட்டு விலகுகின்றனர். நல்ல வேலை ஆலோசகர் நேர்முகத் தேர்வுக்கு முன்பே இக்கணக்குகளை எடுத்து, நீதிமன்றத்தில் தவணை பெற முயல்வார்.

நிறுவனங்கள் நடத்தும் போதைச் சோதனையும் ஓர் இடர்ப்பாடு. மருத்துவர் கொடுத்த மெத்தடோனையே சில விரிவான சோதனைகள் காட்டிக்கொடுக்கும். உரிய மருத்துவ மீளாய்வு இல்லாத நிறுவனத்தில் சிகிச்சை பெறுவதே குற்றமாகிவிடுகிறது. (சோதனையின் எல்லைகளும் மாறக்கூடியவை. கசகசா தூவிய ரொட்டி தின்றவரும் சிக்கிக்கொண்டதால், கூட்டரசு ஊழியர் சோதனையில் அபினி வகைப் பொருளுக்கான வரம்பு 1998இல் 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது.)

தன் கடந்த காலத்தை மேலாளரிடம் கூறுவதா, மறைப்பதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கூறினால் வேலை நேரத்தில் சலுகை கேட்க முடியும். பொருள் ஒன்று காணாமற் போகும்போது முதல் ஐயமும் அவர்மீதே விழும். மறைத்தால் அந்தச் சுமையை நாள்தோறும் தூக்க வேண்டும். உடன் பணிபுரிவோர் மாலையில் மதுக்கடைக்கு அழைக்கும்போது சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். தன் பெயரால் ஆலோசகர் மேலாளரிடம் பேசலாமா, எதுவரை பேசலாம் என்பதை எழுத்தில் முடிவு செய்யும் உரிமை மீட்சியாளருக்கே உண்டு என்பது மேற்கூறிய 'முதலில் வேலை' முறையின் நடைமுறை.

சட்டநிலை

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் போதைப் பழக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. தற்போது சட்டத்துக்குப் புறம்பாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்குப் பாதுகாப்பு இல்லை. சிகிச்சை முடித்து அல்லது சிகிச்சையில் இருந்துகொண்டு, பயன்பாட்டை நிறுத்தியவருக்குப் பாதுகாப்பு உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன், புப்ரநோர்பின் உட்கொள்வது சட்டத்துக்குப் புறம்பான பயன்பாடு ஆகாது என்பதை நீதித்துறை 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவுபடுத்தியது.

இப்பாதுகாப்பின் எல்லையை 2003ஆம் ஆண்டின் ரேத்தியான் வழக்கு காட்டுகிறது. அரிசோனாவில் ஏவுகணைத் தொழிற்சாலையில் 25 ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர், 1991இல் கொக்கெயின் சோதனையில் சிக்கிப் பதவி விலகினார். மீண்டு, 1994இல் மறுபடி விண்ணப்பித்தபோது, நடத்தை மீறலால் விலகியவர்களை மீண்டும் எடுப்பதில்லை என்ற பொது விதியைக் காட்டி நிறுவனம் மறுத்தது. எல்லோருக்கும் பொதுவான அத்தகைய விதி பாகுபாடற்ற, ஏற்கத்தக்க காரணமே என்று கூறிய உச்ச நீதிமன்றம், வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. மீண்டதைச் சட்டம் மதிக்கும். ஆனால் விழுந்த நாளின் பதிவை அழிக்காது.

குற்றப் பதிவு தனிச் சிக்கல். விண்ணப்பப் படிவத்திலேயே 'தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்கும் கட்டத்தை நீக்கும் சட்டத்தைத் தனியார் துறைக்கும் சேர்த்து முதலில் இயற்றியது ஹவாய் மாநிலம் (1998). கூட்டரசு வேலைகளுக்கான இத்தகைய சட்டம் 2019இல் நிறைவேறி 2021இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கேள்வி ஒரேயடியாக நீங்கிவிடுவதில்லை. வேலை தருவதாக நிறுவனம் கூறும் கட்டத்துக்குத் தள்ளிப்போகிறது.

மறுவாழ்வும் சுரண்டலும்

உழைப்பையே சிகிச்சையாகக் கொள்ளும் இல்லங்களும் உள்ளன. சான் பிரான்சிஸ்கோவில் ஜான் மாகர் 1971இல் தொடங்கி, பின்னர் மிமி சில்பர்ட் வழிநடத்திய டிலான்சி தெரு அறக்கட்டளை இவற்றுள் புகழ்பெற்றது. சேருபவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டும். வீட்டுப் பொருள்களை இடம்மாற்றித் தரும் தொழில், உணவகம் போன்றவற்றை உறுப்பினர்களே நடத்தி, அந்த வருமானத்தில் இல்லம் இயங்கி வந்துள்ளது. 1990இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் கடற்கரைக் கட்டடத்தின் பெரும்பகுதியை உறுப்பினர்களே கட்டினர். உறுப்பினருக்குத் தனிச் சம்பளம் இல்லை. உணவும் உறைவிடமும் கல்வியும் உண்டு.

இதே ஏற்பாடு வேறு கைகளில் வேறு உருவம் கொள்ளும். ஓக்லகோமா மாநிலத்தில் நீதிமன்றங்கள் சிறைக்கு மாற்றாக அனுப்பிய ஆண்கள், மறுவாழ்வு என்ற பெயரில் கோழி பதப்படுத்தும் ஆலைகளில் கூலியின்றி உழைத்ததைப் புலனாய்வு இதழாளர்கள் 2017இல் வெளிக்கொணர்ந்தனர். ஆலை கொடுத்த பணம் இல்லத்துக்குச் சென்றது. வேலை செய்ய மறுத்தால் சிறை. இது தொடர்பாக வழக்குகள் தொடரப்பட்டன. ஆனால் சட்டத்தின் நிலைப்பாடு புதிதன்று. 1985ஆம் ஆண்டு அலாமோ அறக்கட்டளை வழக்கில், முன்பு போதைக்கு அடிமையாக இருந்தோர் உள்ளிட்டவர்களை உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஈடாகத் தன் வணிக நிலையங்களில் வேலை வாங்கிய சமய அமைப்பு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓர் இல்லத்தை மதிப்பிட, கூலி யாருடைய கணக்குக்குப் போகிறது, விலகிச் செல்ல விரும்புபவர் என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற இரு கேள்விகள் பெரும்பாலும் போதும்.

வேலை கொடுப்போர்

நியூயார்க் மாநிலத்தில் 1982இல் தொடங்கப்பட்ட கிரேஸ்டன் அடுமனை, 'திறந்த வேலையமர்வு' என்ற முறையைப் பின்பற்றியது. பட்டியலில் பெயர் எழுதினால் போதும். முறை வரும்போது வேலை. நேர்முகத் தேர்வு, பின்னணிச் சோதனை எதுவும் இல்லை. வேலையில் நிலைக்கிறாரா என்பதை வேலையே முடிவு செய்யும்.

ஃபென்டனில் மரணங்களால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நியூ ஹாம்ப்ஷயர் 2018இல் 'மீட்சிக்கு உகந்த பணியிடம்' என்ற மாநிலத் திட்டத்தைத் தொடங்கியது. இணையும் நிறுவனங்களின் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சியும், ஊழியர் ஒருவர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினால் உடனே நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பும் வழிமுறைகளும் அளிக்கப்படுகின்றன. பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. ஆள் பற்றாக்குறை நிலவும் காலத்தில் இத்தகைய திட்டங்களுக்கு வரவேற்பு கூடுவதும், வேலையின்மை பெருகும்போது குறைவதும் இயல்பு.

இந்தியாவில்

அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 2 கோடிக்கும் மேற்பட்டோர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவுக் குற்றத்துக்கு உள்ளான பயனாளி தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பயன்பாட்டால் எழும் நிலைகளையும் மனநோய் என்ற வரையறையில் சேர்த்துள்ளது. எனவே சிகிச்சை பெறும் உரிமை உண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் போதைப் பழக்கம் இடம்பெறவில்லை. மீண்டவரை வேலையில் பாகுபாட்டிலிருந்து காக்கும், அமெரிக்கச் சட்டத்தை ஒத்த வெளிப்படையான ஏற்பாடு இந்தியாவில் இல்லை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானோருக்கான சிகிச்சையில் தமிழ்நாட்டின் முன்னோடி. காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் அது நடத்திய ஊர்ச் சிகிச்சை முகாம்கள் வேலை நோக்கிலும் கவனிக்கத்தக்கவை. கூலித் தொழிலாளி ஒரு மாதம் சென்னையில் தங்கினால் அம்மாத வருமானம் முழுவதும் போகும். ஊரில் அவருடைய இடத்தில் வேறொருவர் வேலைக்கு வந்திருப்பார். முகாம் ஊருக்கு வரும்போது சிகிச்சை நாட்கள் குறைகின்றன, வேலை கொடுப்பவரும் நடப்பதைத் தம் கண்ணால் பார்க்கிறார்.

இந்தியத் தொழிலாளருள் பெரும்பாலோர் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாதவர்கள். அவர்களுக்குப் பின்னணிச் சோதனை இல்லை, சிறுநீர்ச் சோதனை இல்லை. அதே காரணத்தால் மருத்துவ விடுப்பும் இல்லை, நீக்கத்தை எதிர்க்கும் வழியும் இல்லை. மேலாளர், வேலை வல்லுநர் ஆகியோரின் இடத்தில் இங்கே இருப்பவர் மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோதான். கட்டட வேலையில் கூலி பெரும்பாலும் நாள்தோறும் மாலையிலோ வார இறுதியிலோ ரொக்கமாகக் கையில் தரப்படுகிறது. அமெரிக்க ஆலோசகர்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை அஞ்சும் சம்பள நாள், தமிழ்நாட்டின் தினக்கூலித் தொழிலாளிக்கு வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு மாலையும் வருகிறது. மேஸ்திரியிடம் பேசிக் கூலியை வாரத்துக்கு ஒருமுறை மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்தச் செய்வது, சிகிச்சை முடித்துச் செல்லும் தொழிலாளியின் குடும்பம் தானாகவே செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகளுள் ஒன்று; அதற்குத் தொழிலாளியின் சம்மதம் முன்னதாகவே பெறப்பட வேண்டும்.